சாதுவான யானை

மியூசியத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் பறவைக் கூடத்தைக் காட்டிவிட வேண்டும், ஐயா. யானையை முதலில் காட்டிவிட்டால் அதற்கப்புறம் அவர்கள் கண்ணில் எதுவும் நிற்காது. பட்டாம்பூச்சிகளுக்கு முன்னால் நின்று கொட்டாவி விடுவார்கள். சனிக்கிழமை தவறாமல் போய்ப் பழகியவள் என்பதால் சொல்கிறேன். உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

தண்ணீர் போதும். உட்காருங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். நேற்று வந்த அதிகாரி மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார், அதனால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை.

என் பெயர் மலெம்பா. சகல்லா மலையடிவாரத்தில் சோளமும் தட்டைப்பயறும் போட்டுப் பிழைத்தவள். இப்போது இந்த நைரோபியில், கவாங்வாரேயில், தங்கை வீட்டில் இருக்கிறேன். ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போகிறேன். யாரோடும் சண்டை போட்டதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

மியூசியத்துக்கு முதலில் என்னைக் கூட்டிப்போனது எங்கள் ஊர் சர்ச் பெண்கள்தான். ஏதோ பெண்கள் மாநாடு என்று பஸ் பிடித்து வந்திருந்தோம். மாநாடு முடிந்த மறுநாள், ஊருக்குத் திரும்பும் முன் பார்த்துவிடுங்கள் என்று பாதிரியாரின் மனைவி எல்லோரையும் அங்கே இறக்கிவிட்டார். செத்த மிருகத்தை உரிப்பதற்கும் சமைப்பதற்கும்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்குள் நிற்கவைத்துப் பார்த்ததில்லை. பஞ்சடைத்த ஒட்டகச்சிவிங்கியை என் தோழி ரிகா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே மலெம்பா, எங்க வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்தா வாசல்ல இப்படித்தான்டி நிப்பாரு. கண்ணு மட்டும் தொறந்திருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நான் சிரித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணத்தோடு நான் அந்தக் கட்டடத்துக்குள் நுழையவில்லை.

அடுத்த கூடத்தில் பெம்பே நின்றது.

வெறும் எலும்பு. இரும்புக் கம்பியில் கோத்து மேடை மேல் நிறுத்தியிருந்தார்கள். தந்தம் இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு படம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அது எங்கள் மலை. சகல்லாவின் முதுகு வளைவு, உச்சிப் பாறை, கீழே சிவப்பு மண், எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மலையடியில் ஒரு வீடு இல்லை. ஒரு சோளக்கொல்லை இல்லை. ஆடு இல்லை, அடுப்புப் புகை இல்லை. நாங்கள் யாரும் அங்கே பிறக்கவே இல்லை என்பதுபோல் வரைந்து வைத்திருந்தார்கள்.

எலும்புக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிழவன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட பழைய பச்சைச் சீருடை, மார்பில் ஒரு பதக்கம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலில் ஆளைத் தெரிந்துகொண்டேன். முசெம்பி.

பெம்பேயைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாடப் புத்தகத்தில் எல்லாம் வந்த யானை. அத்தனை பெரிய தந்தத்துக்காக யாரும் அதைக் கொன்றுவிடக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு போட்டுக் காவல் வைத்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தார்கள். அது எங்கள் கொல்லைக்குள் வந்தது, அவர்களும் வந்தார்கள். அது சோளத்தைத் தின்றது, அவர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். நாங்கள் தகரத்தைத் தட்டினால், "தட்டாதீங்கம்மா, பயந்துடும்" என்றார்கள். யானை பயப்படக் கூடாதாம். என் கணவர் ம்வாடிமே தீப்பந்தத்தோடு ஓடினார். யானையைத் தொந்தரவு செய்தார் என்று பிடித்துக்கொண்டுபோய் ஒரு பகல் முழுக்க ஜீப்பில் உட்காரவைத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

எனக்கு வாகியோ என்று ஒரு மகள் இருந்தாள். அப்போதுதான் அவளுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன.

காலை வெயில் ஏறிய நேரம். அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போனாள். நான் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். முள்புதருக்குப் பின்னாலிருந்து பெம்பே வந்தது. அதற்குப் பின்னால் முசெம்பி வந்தான். துப்பாக்கி அவன் தோளில் தொங்கவில்லை, கையில் இருந்தது. நான் "சுடு" என்று கத்தினேன். யானையைச் சுட வேண்டாம், ஐயா, வானத்தைப் பார்த்துச் சுட்டிருந்தாலே அது திரும்பியிருக்கும். அவன் துப்பாக்கியைத் தூக்கினான். பிறகு இறக்கிவிட்டான்.

நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. யானை மலைப்பக்கம் நடக்க ஆரம்பித்தது. முசெம்பி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் யானைக்குப் பின்னால் போய்விட்டான்.

இரண்டு மூட்டை சோளமாவு கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். யானை வருகிற வழியில் பிள்ளையை விட்டது யார் என்று ஒரு அதிகாரி என் கணவரைக் கேட்டார். அவர் அந்த மழைக்காலம் முடிந்ததும் மொம்பாசா துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை. சில வருஷம் கழித்துப் பெம்பே வயதாகி, நிழலில் படுத்து, நிம்மதியாகச் செத்தது. ரேடியோவில் நாள் முழுக்கத் துக்கப் பாட்டுப் போட்டார்கள். எங்கள் சர்ச்சில் மணி அடித்தார்கள்.

மியூசியத்துக்கு வருகிறேன். நாங்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"தாத்தா, இது யாரையாச்சும் கொன்னிருக்கா?"

முசெம்பி சிரித்தான். "இதுவா? ஒரு கோழிக்குஞ்சக்கூட மிதிச்சதில்ல கண்ணு. சாதுவான யானை. என்னைவிட சாது. வேணும்னா எங்க வீட்ல கேட்டுப் பாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். ரிகா என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், வாகியோவைக் குளிப்பாட்டிப் புதைக்கத் தயார் செய்தவள் அவள்தான்.

"வாடி, பஸ்ஸுக்குப் போலாம். இதெல்லாம் பாக்காத."

"நீ போ," என்றேன். "நான் தங்கச்சி வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்."

அப்போதுகூட எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்தக் கேள்விக்கு அவன் வாயாலேயே சரியான பதில் வர வேண்டும். பிள்ளைகளுக்கு முன்னால் வர வேண்டும். அதைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிளாஸ்க்கில் இஞ்சி டீயும் துணியில் சுற்றிய மகம்ரியும் எடுத்துக்கொண்டு போனேன். தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்து சுடுகிற மகம்ரி, என் கைக்கு நன்றாக வரும். கூட்டம் கலைந்ததும் அவனுக்கு ஒன்று நீட்டினேன். கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"என் சம்சாரம் உசுரோட இருந்து இதத் தின்னிருந்தா உங்களோட சண்டைக்கு வந்திருப்பா. எந்த ஊரும்மா?"

"கடற்கரைப் பக்கம், அண்ணே."

என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வெயிலில் கருத்திருந்தேன், மெலிந்திருந்தேன், உண்மைதான். ஆனால் அன்றைக்கு என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவன் அவன். அவ்வளவு சுலபமாக மறக்க அந்த முகத்தில் என்ன குறைச்சலாக இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். டிக்கெட் கொடுக்கிற பெண் என்னைத் தூரத்தில் பார்த்ததும், "யானையோட சொந்தக்காரங்க வந்தாச்சு" என்று கூவுவாள். நானும் சிரிப்பேன். அவன் கதை சொல்வதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். நன்றாகச் சொல்வான். பெம்பே எப்படித் தும்மும், எந்த மரத்தில் முதுகு தேய்க்கும், நிலா வெளிச்சத்தில் தந்தம் எப்படி மின்னும், எல்லாம் சொல்வான். எங்கள் ஊர் ஓடையைப் பற்றிக்கூடச் சொல்வான், ஓடைக்கரையில் ஆட்களே இல்லாததுபோல.

அவனோடு பேத்தி கலுண்டேயும் வருவாள். அவள் அம்மாவுக்குத் துணிக்கடையில் சனிக்கிழமையும் வேலை. வந்த மூன்றாம் வாரமே என் மேல் சாய்ந்து உட்கார ஆரம்பித்துவிட்டாள். எனக்கு டீ அத்தை என்று பெயர் வைத்தாள்.

"டீ அத்தை, போன வாரம் இஞ்சி ஜாஸ்தி. மூக்குக்குள்ள எரிஞ்சுது."

"நீ ஏன்டி மூக்கால குடிச்ச?"

அப்படிச் சிரிக்கிற பிள்ளை. அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். முசெம்பி டீக் கோப்பையை வாங்கியதும் தானே குடித்துவிடமாட்டான். ஊதி ஊதி ஆற்றி, "முதல் வாய் மகாராணிக்கு" என்று சொல்லி அவள் வாயில் வைப்பான். ஒரு வாரம்கூட அவன் அதை மறந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை பெரிய மழை. பள்ளிக்கூடம் எதுவும் வரவில்லை. கலுண்டே பட்டாம்பூச்சிப் பெட்டிகளை இழுத்துப் பார்க்கப் போயிருந்தாள். நான் கேட்டேன்.

"அண்ணே, நெசமாவே அது யாரையும் கொல்லலையா?"

அவன் கோப்பையைப் பெஞ்சில் வைத்தான்.

"ஒரு சின்னப் பொண்ணும்மா," என்றான். "ஆடு மேய்க்க வந்த பொண்ணு. நான் துப்பாக்கியத் தூக்கிட்டேன். சத்தம் கேட்டு அது மிரண்டு எங்கயாச்சும் விழுந்து தந்தம் ஒடைஞ்சாக்கூட எனக்கு ஜெயிலுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. எங்க வீட்ல என் சம்பளத்தை நம்பி நாலு வாய் இருந்துச்சு. அதெல்லாம் அந்த நேரத்துல தலைக்குள்ள ஓடிச்சு. ஓடி முடியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"அந்தப் பொண்ணோட அம்மா?"

"அங்கதான் இருந்தாங்க. கத்தினாங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கும்மா."

"போய்ப் பாத்தீங்களா அவங்கள?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

அழுதான். கிழவன் அழுகிறபோது தோள் குலுங்கியது. நான் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். என் டீயைக் குடித்துக்கொண்டு, என் மகளைப் பற்றி, என்னிடமே அழுதுகொண்டிருந்தான். அவன் அழுகையைத் துடைக்க வேண்டிய வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது.

"பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்கண்ணே," என்றேன். "அடுத்த வாரம் யாராச்சும் கேட்டா உள்ளதச் சொல்லிடுங்க. அந்தப் பொண்ணுக்கு அது போதும்."

"சொல்லணும்மா. சொல்லித்தான் ஆகணும். சொல்றேன்."

அவனுக்கு நான் சந்தர்ப்பம் கொடுத்தேன், ஐயா. அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். யாராவது கேட்கத்தான் செய்வார்கள். எப்போதும் கேட்பார்கள். அன்றும் ஒரு கண்ணாடி போட்ட சிறுமி கேட்டாள். அவன் தலையைத் தூக்கிக் கடைசி வரிசையில் என்னைப் பார்த்தான். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இல்ல கண்ணு, சாதுவான யானை" என்றான்.

கூட்டம் போன பிறகு தானாகவே என்னிடம் வந்தான்.

"சின்னப் பிள்ளைங்கம்மா. ராத்திரி தூக்கத்துல அலறும். எதுக்கு அதுங்களப் பயமுறுத்திக்கிட்டு?"

நான் தலையாட்டினேன். யானை பயப்படக் கூடாது. பட்டணத்துப் பிள்ளைகள் பயப்படக் கூடாது. பயப்படுவதற்கென்று எங்களை மட்டும் மலையடியில் வைத்திருந்தார்கள், பிறகு சுவர்ப் படத்திலிருந்து அழித்தும் விட்டார்கள். வீடு வருகிறவரை மட்டாட்டு வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போதுதான் தெரிந்தது, பிளாஸ்க்கின் மூடியை நான் நசுக்கியிருந்தேன்.

அந்த வாரம் மாவு பிசையும்போது தங்கை கேட்டாள், "அக்கா, மாவை ஏன்க்கா இப்படிக் குத்துற? அது உன்ன என்ன பண்ணுச்சு?"

கோபம் என்று நீங்களும் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கோபத்தில் செய்கிறவர்கள் யோசிக்காமல் செய்வார்கள். நான் அந்த வாரம் முழுக்க யோசித்தேன். முசெம்பி செத்துவிட்டால் என்ன ஆகும்? பதக்கத்தோடு புதைப்பார்கள். பெஞ்சில் வேறொருவன் வந்து உட்கார்ந்து அதே கதையைச் சொல்வான். செத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வேண்டியது அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான்.

தங்கை வீட்டுக்காரர் பின்கட்டில் ஆடு வளர்க்கிறார். உண்ணிக்கு அடிக்கிற மருந்து அங்கே இருந்தது. அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருந்து குறைந்ததுகூட அவர்களுக்குத் தெரியாது, பாவம், தொந்தரவு செய்யாதீர்கள். அந்தச் சனிக்கிழமை டீயில் சர்க்கரையைக் கூட்டிப் போட்டேன்.

கூடத்தில் அன்று நல்ல வெளிச்சம். கதை முடிந்து பள்ளிப் பிள்ளைகள் டைனோசர் பார்க்கப் போய்விட்டார்கள். கலுண்டேவுக்குப் புதுப் பின்னல் போட்டுவிட்டேன், இரண்டு பக்கமும் வளைத்து, நுனியில் சிவப்பு மணி கோத்து. சுவரில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"அத்தை, நான் வரிக்குதிரை மாதிரி இருக்கேனா?"

"அதைவிட அழகா இருக்க."

கோப்பையில் ஊற்றி முசெம்பியிடம் கொடுத்தேன். "நீங்க குடிக்கலையாம்மா?" என்று கேட்டான். எனக்கு உபவாசம் என்றேன். ஊதி ஆற்றினான். முதல் வாய் மகாராணிக்கு என்றான். அவன் கையாலேயே அவள் வாயில் வைத்தான்.

"இன்னிக்கு இனிப்பா இருக்கு," என்று அவள் கோப்பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அடியே, தாத்தாவுக்கு ஒரு வாய் வெச்சிருடி."

வைக்கவில்லை. முழுக்கக் குடித்துவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே வெறும் கோப்பையை என் பக்கம் நீட்டினான். தீர்ந்துவிட்டது, அண்ணே என்றேன்.

பிளாஸ்க்கில் பாதிக்கு மேல் இருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்து வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். கிழவனைக் கொல்லப் பார்த்தேன், பிள்ளை குறுக்கே வந்துவிட்டாள் என்று நேற்று வந்த அதிகாரி எழுதிக்கொண்டு போனார். இரக்கப்பட்டுத்தான் அப்படி எழுதினார் போலிருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். கோப்பை யாருக்குப் போகும் என்று தெரிந்துதான் ஊற்றினேன்.

அவளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டபோது அவன் என்னைப் பார்த்து, "ஏதாச்சும் பண்ணுங்கம்மா" என்று கத்தினான். அப்போதுதான் என் பெயரைச் சொன்னேன். சகல்லா என்று சொன்னேன். வாகியோவின் அம்மா என்று சொன்னேன். முதலில் அவனுக்குக் காதில் ஏறவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது ஏறியது. பிறகு ஆட்களைக் கூப்பிட வாசலுக்கு ஓடினான். அந்த வயதில் அவனால் ஓட முடியவில்லை, தந்தத்தில் இடித்துக்கொண்டான். நான் பிள்ளையை விட்டு நகரவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கேட்டபோது என்ன மருந்து என்று உடனே சொன்னேன். அவர்கள்தான் தாமதமாக வந்தார்கள்.

கலுண்டேயின் அம்மா வெளியே நிற்கிறாள் என்கிறீர்கள். உள்ளே விடுங்கள், ஐயா, தடுக்க வேண்டாம். அவளைப் பற்றிப் பிள்ளை எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறாள். மிச்சத் துணியில் பொம்மைக்குச் சட்டை தைத்துத் தருவாளாம், பாடிக்கொண்டே சமைப்பாளாம். நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். என் பிள்ளை போனபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்ல அந்தத் துப்பாக்கிக்காரர்களில் ஒருவனும் வரவில்லை. இவளுக்கு அந்தக் குறை இருக்காது. பிள்ளை கடைசியாக என்ன பேசினாள், எப்படிச் சிரித்தாள், பின்னல் கலையாமல் இருந்தது, எல்லாவற்றையும் உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொல்வேன். கேட்டால் மனசு ஆறும்.

அவள் கோபமாக இருக்கிறாள் என்று எச்சரிக்கிறீர்கள். வாரா வாரம் அவள் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டவள் நான், என் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவள். என் மேல் கோபப்பட அவளுக்கு என்ன இருக்கிறது என்றுதான் இவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.